இரண்டு மொட்டைத் தலைகள்

பானுப்ரியா இறந்து எட்டு மாதம் கழித்து, போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அவளுக்குப் போன் வந்தது.

முரளிதரன் எடுத்தான். அவளுடைய செல்லுக்கு அவன் இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தான். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாரும் கேட்டதில்லை.

"பானுப்ரியாங்களா?"

"நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன்."

"அவங்ககிட்ட குடுங்க."

"அவங்க இறந்துட்டாங்க சார்."

அந்தப் பக்கம் குரல் கொஞ்சம் இறங்கி வந்தது. எஸ்.ஐ. மணவாளன் பேசுவதாகச் சொன்னார். பானுப்ரியா பேரில் இருக்கும் ஸ்கூட்டர் நேற்று சாயங்காலம் கே.ஜி.கண்டிகை கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற ஓர் அம்மாவை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. கன்னியம்மாள் என்று பேர், களையெடுக்கப் போய்விட்டுத் திரும்பியவர். இடுப்பெலும்பு உடைந்து திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வண்டி நம்பரை டீக்கடைக்காரர்கள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"ஓட்டினது ஒரு மொட்டை. மஞ்ச சட்டை. டீக்கடை கேமராவுல முதுகும் மண்டையும்தான் தெரியுது. ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் திருத்தணில மொட்டையைத் தேடுன்னா நான் எங்கங்க போய்த் தேடறது? வண்டியை யாரு ஓட்டினாங்களோ அவங்களைக் கூட்டிகினு சாயங்காலத்துக்குள்ள வாங்க."

முரளி சரி என்றான். ஓட்டியது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்கூட்டர் மாமனார் கோதண்டபாணி வீட்டில் இருந்தது. பானு போன பிறகு அது முரளி வீட்டு மாடிப்படிக்கு அடியில் சும்மா நின்றது. தினமும் அதைத் தாண்டி வேலைக்குப் போய்வர முரளியால் முடியவில்லை. விற்கவும் முடியவில்லை. ஒருநாள் மாமியார் பிரேமா, "சூர்யாவுக்கு டியூஷன் போய் வர ஆவும் மாப்ள" என்று கேட்டபோது சாவியை வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டான். சூர்யபிரகாஷ் பானுவின் தம்பி. அப்போது பதினாறு முடிந்திருந்தது. இப்போது பிளஸ் டூ.

முரளிக்கு அப்பா அம்மா இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. திருவாலங்காட்டில் சர்க்கரை ஆலை அலுவலகத்தில் வேலை. திருத்தணியில் மாடியில் ஒரு வாடகை வீடு. ராத்திரிச் சாப்பாடு மாமியார் வீட்டில். "எம் பொண்ணு போனா இன்னா, நீங்க எங்களுக்கு மாப்ளதான்" என்று பிரேமா சொல்லி, தட்டு வைத்துவிடுவாள். அவனும் சரி என்று உட்கார்ந்துவிடுவான். இந்த எட்டு மாதத்தில் அவன் அதிகம் பேசிய வார்த்தை அதுதான். சாதம் இன்னும் கொஞ்சம்? சரி. ஞாயிற்றுக்கிழமை வந்து தறி மோட்டாரைப் பார்க்க முடியுமா? சரி. சரி என்று சொல்லிவிட்டால் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

அவன் மாமனார் வீட்டுக்குப் போனபோது அதை ஒட்டிய தறிக்கொட்டகை ஓசையில்லாமல் இருந்தது. தெருமுனை வரை கேட்கும் விசைத்தறிகளைக் கிருத்திகைக்காக நிறுத்தியிருந்தார்கள். இரண்டு தறிகளுக்கு நடுவில், நூல் மூட்டைமேல் சூர்யா உட்கார்ந்திருந்தான். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மலையில் மொட்டை போடுவது அந்த வீட்டு வழக்கம். மண்டையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"இன்னாடா ஆச்சு?"

"நாய் குறுக்க வந்துச்சு பாவா."

முரளி அவன் முகத்தையே பார்த்தான். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாய் இல்ல. பின்னாடி பைக்ல என் ஃப்ரெண்டு தணிகைமணி வீடியோ எடுத்துகினு வந்தான். திரும்பிப் பார்த்தேன்."

"எவ்வளவு ஸ்பீடு?"

"அறுபது இருக்கும்."

"ஹெல்மெட்?"

"புது மொட்டை பாவா. போட்டா எரியுது. சந்தனமும் ஒட்டிக்குது."

"ஏன் நிக்கல?"

"கீழ வுழுந்துச்சு அந்த ஆயா. என்னைப் பார்த்து கையைத் தூக்குச்சு. நின்னிருந்தா எல்லாரும் சேர்ந்து அடிச்சிருப்பாங்க." சொல்லும்போது அவன் புருவம் நடுவில் கூடியது. பானுவுக்கும் அப்படித்தான் கூடும். முரளி தறியைப் பார்த்தான்.

கூடத்தில் கோதண்டபாணியும் பரந்தாமனும் பேசிக்கொண்டிருந்தார்கள். பரந்தாமன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். பாதி நாள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்பார். லைசென்ஸ், எஃப்.சி., விபத்து, எதுவானாலும் இந்தத் தெருவில் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"வாங்க மாப்ள, உக்காருங்க" என்றார் பரந்தாமன். "நம்ம பையன் ஓட்டினது தப்பில்ல. பதினேழு வயசுல ஓட்டினதுதான் தப்பு. இப்ப சட்டம் முன்ன மாதிரி இல்ல. மைனர் ஓட்டினா, பெத்தவங்க இல்ல வண்டி ஓனர், அவங்க பேர்லதான் கேஸு. மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் போடலாம். அபராதம் தனி. வண்டி ஆர்.சி. ஒரு வருஷத்துக்குக் கேன்சல். பையனுக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது."

"ஓனர் எம் பொண்ணு" என்றார் கோதண்டபாணி. "அவளையா வந்து இட்டுகினு போவாங்க?"

"அவங்க இல்லன்னா நீங்க. இல்லாட்டி சாவி குடுத்தவரு."

சமையற்கட்டு வாசலில் நின்ற பிரேமா முரளியைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள்.

"ஆனா ஒண்ணு" என்றார் பரந்தாமன். "லைசென்ஸ் இருக்கற பெரிய ஆள் ஓட்டியிருந்தா இது பெரிய கேஸே இல்ல. ஸ்டேஷன்லயே ஜாமீன். கோர்ட்டுக்கு ரெண்டு தடவ போய் அபராதம் கட்டிட்டு வந்துடலாம். அந்தம்மாவுக்கு இன்சூரன்ஸும் ஒழுங்கா போய்ச் சேரும். மைனர்னா கம்பெனிக்காரன் கையை விரிப்பான். அந்தம்மாவுக்கும் இதான் நல்லது." கொஞ்சம் நிறுத்தி, முரளியின் தோளை அளப்பதுபோல் பார்த்தார். "ஒடம்புவாகு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அந்த மஞ்ச சட்டை சரியா ஆவும்." பார்வை மேலே ஏறியது. "முடிதான் இடிக்குது."

"அதுக்கின்னா, மலைக்குப் போனா ஆச்சு" என்றார் கோதண்டபாணி. "இந்த ஊர்ல மொட்டை போட்டா ஏன்னு ஒருத்தன் கேக்க மாட்டான்."

பிரேமா கிட்டே வந்தாள்.

"மாப்ள, பானு இருந்திருந்தா தம்பிக்காக அவளே போய் நின்னிருப்பா. நமக்கு இனிமே அவன் ஒருத்தன்தான்."

நமக்கு என்றாள். அவன் மறுப்பதற்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை.

"சரி அத்தை" என்றான்.

ஆட்டோவில் மலைக்குப் போனார்கள். கிருத்திகை முடிந்தும் கூட்டம் வடியவில்லை. ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்த வேன்கள் மலைப்பாதையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. எங்கு பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டைகள். ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள். முடிக்காணிக்கை மண்டபத்தில் டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்தான். கோதண்டபாணி ஒரு பக்கம், பரந்தாமன் ஒரு பக்கம். எழுந்து போய்விடுவான் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

முடி எடுப்பவர் அவன் தலையில் தண்ணீரை அடித்துத் தேய்த்தார்.

"நல்ல அடர்த்தி சார் உங்களுக்கு. இன்னா வேண்டுதல்?"

"குடும்ப வேண்டுதல்" என்றார் கோதண்டபாணி.

"ஆங், குடும்பம்னா எல்லாத்தையும் எடுத்துட வேண்டியதுதான். மீசை?"

"மீசை வேணாம், வுட்டுடு" என்றார் பரந்தாமன். பிறகு என்னவோ யோசித்து, "இல்ல, அதையும் எடுத்துடு. பையனுக்கு மீசை கெடையாது" என்றார்.

"எந்தப் பையனுக்கு?"

"நீ வேலையைப் பாருப்பா."

அவர் உள்ளங்கையை முரளியின் பிடரியில் வைத்து அழுத்தினார். தலை முட்டிக்கு நடுவில் போயிற்று. கத்தி நெற்றியிலிருந்து பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது. பானுவின் கருமாதி அன்று குளத்தங்கரையிலும் இப்படித்தான் ஒருவர் அழுத்திப் பிடித்தார். அன்றைக்கும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை கத்தரி படாத முடி. ஈரமாகத் தரையில் விழுந்தது. யாருடைய முடியோடோ கலந்தது. காலால் ஒதுக்கி ஓரம் தள்ளினார்கள்.

பாதி மழித்தபோது கோதண்டபாணி தொடையில் தட்டிக்கொண்டார். "அய்யய்யோ, சட்டை!" செல்லை எடுத்தார். "டேய் சூர்யா, அந்த மஞ்ச சட்டை எங்கடா? தொவைக்கப் போட்டிருந்தாலும் பரவால்ல, எடுத்துகினு மேல வா. மண்டபத்துகிட்ட இருக்கோம். சீக்கிரம் வா."

முரளி குளித்துவிட்டு வந்தான். பரந்தாமன் சந்தனம் வாங்கி வந்திருந்தார். கோதண்டபாணி அதைத் தன் கையாலேயே மருமகன் தலையில் பூசினார். குளிர்ச்சியாக இருந்தது. "கண்ணை மூடிக்கங்க மாப்ள" என்றார். பிள்ளைக்குப் பூசுவதுபோலத்தான் பூசினார்.

கண்ணைத் திறந்தபோது சூர்யா பிளாஸ்டிக் பையோடு எதிரில் நின்றான். முரளியின் தலையைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"பாவா, செமயா இருக்கீங்க. அக்கா பார்த்திருந்தா வுழுந்து வுழுந்து சிரிச்சிருக்கும்."

"எதுல வந்த?" என்றான் முரளி.

"நைனா பைக்ல."

முரளி திரும்பி மாமனாரைப் பார்த்தான்.

"பஸ்ஸுக்கு நின்னா லேட்டாவும்னு நான்தான் வரச் சொன்னேன்" என்றார் அவர். பையை வாங்கிச் சட்டையை உதறினார். முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. தான் சொன்னது அவர் காதிலேயே விழவில்லை. பரந்தாமனுக்கும் விழவில்லை. "காலரு லேசா கிழிஞ்சிருக்குது, பரவால்ல" என்று அவர் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயங்கர டிராபிக் பாவா" என்றான் சூர்யா. "ஒரு வேன்காரன் வழியே வுடல. வளைவுல அப்படியே உள்ள பூந்து வந்துட்டேன்."

"பார்த்து வரக் கூடாதாடா" என்று கோதண்டபாணி மகனின் காதோரம் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்துவிட்டார்.

முரளிக்கு என்னவோ உறைத்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. எட்டு மாதமாக அவனுக்கு எதுவும் உறைத்ததில்லை. பயம் என்று பிறகுதான் தெரிந்தது. தன்னைப் பற்றிய பயம் இல்லை. இந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் நின்றால் இன்றைக்குக் கேஸ் முடிந்துவிடும். நாளைக்குப் பையன் எதிலாவது ஏறுவான். இவர்களே சாவியைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அன்பாகத்தான் அனுப்புவார்கள். அவனும் அப்படித்தானே கொடுத்தான்.

"சாவியைக் குடு" என்றான்.

சூர்யா கொடுத்தான்.

"சட்டையை மாத்துங்க மாப்ள" என்றார் கோதண்டபாணி.

"நீங்க எடுத்துகினு ஆட்டோல ஸ்டேஷனுக்கு வாங்க மாமா. நான் பைக்ல வரேன். இவனை இங்க விட்டுட்டா திரும்பவும் அவனே ஓட்டிகினு வருவான்."

"அது சரிதான். அவனை வீட்ல எறக்கி வுட்டுட்டு வாங்க. ஸ்டேஷன் பக்கமே அவன் வரக் கூடாது."

"சரி" என்றான் முரளி.

அந்த வார்த்தையை அவர் நம்பினார். நம்பாமல் இருக்க இதுவரை காரணம் இருந்ததில்லை.

பைக்கின் பக்கவாட்டுக் கம்பியில் மாமனாரின் ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. முரளி அதை எடுத்துச் சூர்யாவின் தலையில் வைத்து அழுத்தினான்.

"எரியுது பாவா."

"எரியட்டும்."

மெதுவாக இறங்கினான். வேன்களுக்குப் பின்னால், அவை போகிற வேகத்திலேயே போனான். வெயில் மழித்த மண்டையில் நேராக விழுந்தது. பின்னால் பையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "லெஃப்ட்ல கேப் இருக்குது பாவா." கொஞ்ச தூரம் போனதும், "மூணாவது கியர் போடுங்க, இன்ஜின் அழுவுது." அடிவாரம் வந்தது. வீட்டுக்குத் திரும்பும் தெரு வந்தது. முரளி திரும்பவில்லை.

"பாவா, இந்தப் பக்கம்."

முரளி வண்டியை நேராக விட்டான். இடுப்பருகே அவன் சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

"பாவா?"

முரளி வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். காலை ஊன்றிக்கொண்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

"எறங்கிப் போறதா இருந்தா போ."

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. பூக்காரி ஒருத்தி அவர்களைப் பார்த்து, "சாமிக்குப் பூ வாங்கிகினு போப்பா" என்றாள். சூர்யா இறங்கவில்லை.

"நைனா என்னைக் கொன்னுடும்" என்றான்.

"என்னையும்தான்."

"அப்ப எதுக்குப் போறீங்க?"

முரளிக்கு இதற்குப் பதில் தெரிந்திருந்தது. சொன்னால் நீளமாகப் போகும். கியரைப் போட்டான்.

எஸ்.ஐ. மணவாளன் மேஜைக்குப் பின்னாலிருந்து இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நான் ஒரு மொட்டை கேட்டேன். ரெண்டு வந்திருக்குது" என்றார். பக்கத்து மேஜையில் எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் சிரித்தாள். "யாரு ஓட்டினது?"

"இவன் சார். சூர்யபிரகாஷ். என் மனைவியோட தம்பி."

"வயசு?"

"பதினேழு."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க எப்ப மொட்டை போட்டீங்க?"

"இப்பதான் சார்."

அவர் அந்தத் தலையை ஒரு நிமிஷம் பார்த்தார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. இந்த ஸ்டேஷனில் இப்படி வந்து நின்றவர்களை அவர் முன்பும் பார்த்திருக்கக்கூடும்.

வெளியில் ஆட்டோ நின்றது. கோதண்டபாணி மஞ்சள் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். மகன் அங்கே நிற்பதைப் பார்த்தார். மகனுடைய தலையையும் மருமகனுடைய தலையையும் பார்த்தார். பின்னால் வந்த பரந்தாமன் வாசற்படியிலேயே நின்று, செல்லைக் காதில் வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோல வெளியே நடந்துவிட்டார்.

"நீங்க பையனோட அப்பாங்களா? இவன் வண்டி ஓட்டறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றார் கோதண்டபாணி. யோசிக்காமல் வந்தது.

"அந்த சட்டை யாருது?"

அவர் அதை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

எஸ்.ஐ. முரளி பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார். "வண்டி உங்க வீட்டம்மா பேர்ல இருக்குது. அவங்க இல்லாததால நீங்கதான் பதில் சொல்லணும். ஆனா உங்களுக்குத் தெரியாம அவன் எடுத்துகினு போயிருந்தா உங்க மேல தப்பு வராது. சட்டத்துலயே அதுக்கு எடம் இருக்குது. படிச்சவரு, பொண்டாட்டியப் பறிகொடுத்தவரு. தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுதிக்கறேன்."

கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பவர்போல அவர் காத்திருந்தார். சூர்யா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"தெரியும் சார்" என்றான் முரளி. "நான்தான் சாவி குடுத்தேன். அவனுக்கு வயசு ஆகலன்னும் தெரியும்."

எஸ்.ஐ. எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே பையனிடம், "இருபத்தஞ்சு வயசு வரைக்கும் உனக்கு லைசென்ஸ் கெடையாது, தெரியுமா?" என்றார்.

"இருபத்தஞ்சா?" சூர்யாவின் கண் நிறைந்தது. அன்று அவன் அழுது முரளி பார்த்தது அப்போதுதான்.

"இதுக்கு அழுவுற. அந்தம்மா ஆஸ்பத்திரில திரும்பிப் படுக்க முடியாம கத்துது, அதுக்கு அழுதியா?"

பையன் மணிக்கட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். கோதண்டபாணி அவன் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனார். முரளியைத் தாண்டும்போது நின்றார்.

"எம் பொண்ணு இருந்திருந்தா இப்படிச் செய்வீங்களா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

இனி அந்த வீட்டில் தட்டு வைக்க மாட்டார்கள். முரளிக்கு அது தெளிவாகத் தெரிந்தது. மாடி அறையும் ஆலை அலுவலகமும், நடுவில் ஒரு ரயிலும். மிச்சம் அவ்வளவுதான். கன்னியம்மாளைப் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்து என்ன சொல்வது என்று தெரியவில்லை.

எல்லாம் எழுதி முடித்ததும் எஸ்.ஐ. கையெழுத்து வாங்கினார். "நோட்டீஸ் குடுத்து அனுப்பறேன். கூப்பிடும்போது வரணும். ஜாமீனுக்கு ஒருத்தர் கையெழுத்துப் போடணும். வீட்ல யாரையாவது வரச் சொல்லுங்க."

"வீட்ல யாரும் இல்ல சார்."

"சொந்தக்காரங்க?"

முரளி யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான். ஆலையில் கூட வேலை செய்பவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இந்த விஷயத்தைச் சொல்லிக் கூப்பிடும்படி ஒன்றும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தான். எஸ்.ஐ. வேறு ஃபைலை எடுத்தார். பெண் போலீஸ் எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தாள். சந்தனம் காய்ந்து மண்டைத் தோலை இழுத்துப் பிடித்தது.

எவ்வளவு நேரம் ஆனதோ, வாசலில் நிழல் விழுந்தது. கோதண்டபாணிதான். வெளியே மகனோடு போலீஸ் ஸ்டேஷன் மதில் ஓரத்திலேயே நின்றிருக்கிறார். உள்ளே பேசியது கேட்டிருக்க வேண்டும்.

"எங்க போடணும்?" என்றார் எஸ்.ஐ.யிடம். முரளியைப் பார்க்கவில்லை.

"நீங்க அவருக்கு என்ன முறை?"

அவர் மேஜையிலிருந்த பேனாவை எடுத்துத் திறந்தார். "மாமனாருங்க" என்றார்.

கண்ணாடி கொண்டுவரவில்லை. காகிதத்தைத் தள்ளிப் பிடித்து, பெண் போலீஸ் விரல் வைத்த இடத்தில் பேரை எழுதினார்.

"நல்லா கேட்டுக்கங்க" என்றார் எஸ்.ஐ. "கேஸ் முடியற வரைக்கும் இவரு உங்க பொறுப்பு. எங்கயாவது ஊரை வுட்டுப் போயிட்டா உங்களைத்தான் கேப்பேன்."

கோதண்டபாணி பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"அவரு எங்க சார் போவாரு" என்றார்.